மூன்றாவது கதிரை

ஓல்டன் ரெயில் நிலையத்திலிருந்து
ஆரே ஆற்றைக் கடந்தால் ஏழு நிமிடம்.
மழையென்றால் பத்து.
இரண்டாம் மாடி.
அறையில் மூன்று கதிரைகள்.
டொக்டர் ரெகூலாவுக்கு ஒன்று,
வருகிறவளுக்கு ஒன்று,
சற்றுப் பின்தள்ளி எனக்கு.
இருந்தும் இல்லாதவளாய் இருப்பதற்கே
எனக்குச் சம்பளம்.

வந்தவளின் பெயரை எழுத மாட்டேன்.
கையெழுத்திட்டிருக்கிறேன்.
நாற்பத்தொரு வயது, மூன்று பிள்ளைகள்,
இரவில் அலுவலகங்கள் துடைக்கிற வேலை.
இதுவரை அவளுக்கு மொழிபெயர்த்தவர் கணவர்.
டொக்டர்மார் கேட்டவை பதினொரு கேள்வி,
அவள் காதுக்கு வந்தவை இரண்டு.
அவள் சொன்னதில் எவ்வளவு மறுகரை சேர்ந்தது
என்பதற்குக் கணக்கில்லை.
இம்முறை அவரை வெளியே இருக்கச் சொன்னார்கள்.
காருக்குள் இருக்கிறார்.
பார்க்கிங் சீட்டு ஒரு மணித்தியாலத்துக்கு.

"எங்கே எரிகிறது?"
"அங்கே."
"அங்கே என்றால்?"
"கீழே."

டொக்டர் அந்தச் சொல்லைச் சொல்கையில்
முகம் மாறுவதில்லை.
முழங்கை என்பதுபோல் சொல்கிறாள்.
எனக்குத் தெரிந்தவையோ
கழிப்பறைக் கதவில் கரியால் எழுதியவை,
தெருச்சண்டையில் எறிந்தவை,
விஞ்ஞான ரீச்சர் ஒட்டிப் புரட்டிவிட்ட பக்கத்தில்
நான் பார்க்காமலே விட்டவை.
யோனி, என்றேன்.
சாமிச் சொல்லா, தூஷணமா என்று தெரியாமல்
என்னையே பார்த்தாள்.
பிறகு உதடு மட்டும் அசைய
தானும் ஒருமுறை சொன்னாள்,
உப்புப் பார்ப்பதுபோல்.

"நீங்கள் நிறுத்து என்றால் உடனே நிறுத்துவேன்."
மொழிபெயர்த்தேன்.
"அதை எந்தப் பாஷையில சொல்லவேணும்?" என்றாள்.
அதையும் மொழிபெயர்த்தேன்.
டொக்டர் பேனையை வைத்துவிட்டு
என்னிடம் கற்றுக்கொண்டாள்.
நிருத்து.
இல்லை, நிறுத்து.
நிருத்து.
மூவரும் சிரித்தோம்.
அதற்குமேல் அவளுக்கு வரவில்லை.

பஞ்சுக்குச்சியைத் திரைக்குப் பின்னால்
நீங்களே வைத்து எடுக்கலாம் என்றதும்
"நானேயா?"
மூன்று பேறு கண்ட உடம்பு.
கையுறை போட்ட எத்தனையோ கைகள்.
அவளுடைய கையை
யாரும் அழைத்ததில்லை.
திரைக்குப் பின்னால் நெடுநேரம் எடுத்தாள்.
நான் யன்னலுக்கு வெளியே
சரக்கு ரெயில் பெட்டிகளை எண்ணினேன்.
முப்பத்திநாலு.

பத்து நாள் கழித்து முடிவு.
கிளமிடியா.
ஏதோ பூவின் பெயர்போல இருக்கிறது.
ஏழு நாள், காலையும் இரவும் ஒவ்வொரு குளிசை.
கணவருக்கும் மருந்து வேண்டும்.
"நான் ஒருத்தரிட்டையும் போகேல்லை."
"நாங்கள் அதைக் கேட்கவில்லை."
பதினாறு வருடத் தொழிலில்
இந்த ஒரு வசனத்தை மொழிபெயர்க்கத்தான்
நாக்கு இனிக்கும்.

வீட்டில் பயமிருக்கிறதா, அடிப்பாரா
என்றும் கேட்டாள் டொக்டர்.
இல்லை.
யோசித்துவிட்டு மறுபடி, இல்லை.
பெயர் போடாத கடிதம் அனுப்பலாம், வேண்டுமா?
ஆணுறைப் பெட்டி ஒன்றைக் கைப்பைக்குள்
விபூதிப் பொட்டலத்துக்கும் மாதச் சீட்டுக்கும் நடுவே
வைத்துக்கொண்டே சொன்னாள்:
"கடிதம் வேண்டாம்.
அவரை மேலே கூப்பிடுங்கோ.
இந்த அறையில வச்சுச் சொல்லுறன்."

வந்தார். குளிர்கோட்டைக் கழற்றவில்லை.
கதிரைகள் மூன்றுதான்.
நான் எழுந்து சுவரோடு நின்றேன்.
என் கதிரையில், சற்றுப் பின்தள்ளி,
அவர்.

அவள் தொடங்கினாள். தமிழில்.
குரல் நடுங்கியது, சொல் நடுங்கவில்லை.
அந்தச் சொல்லையும் சொன்னாள்.
முழங்கை என்பதுபோல்.
அவர் தரையைப் பார்த்தார்.
பழக்கத்தில் நான் டொச்சில் வாயெடுக்க,
டொக்டர் என் பக்கம் கையை உயர்த்தினாள்.

நிருத்து, என்றாள்.

அன்று ஒரு மணித்தியாலம் போதவில்லை.
கீழே இறங்கியபோது கார்க் கண்ணாடியில்
நாற்பது பிராங் அபராதச் சீட்டு.
அதை அவளே எடுத்து வாசித்தாள்,
எழுத்துக்கூட்டி, சத்தமாக.
என்னை ஒருவரும் கேட்கவில்லை.